‘எல்’ எழுத்துக்காரர் ஒப்ரி

இறந்துபோன சகோதரர்களைப் பற்றி எழுதி அனுப்பும்படி எல்லா மடங்களுக்கும் கடிதம் வந்திருக்கிறது. யார் தரிசனம் கண்டார்கள், யார் கைவைத்துக் காய்ச்சல் இறங்கியது, யார் உயிர்விட்டபோது அறையில் பூ மணம் வீசியது என்று விவரமாக வேண்டுமாம். எங்கள் தலைவர் அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். சகோதரர் கோத்தியே, ஒப்ரியோடு கடைசிவரை இருந்தவர் நீங்கள்தானே, நீங்களே எழுதிவிடுங்கள் என்றார்.

ஒப்ரி அண்ணன் உயிர்விட்டபோது அறையில் வெந்த மொச்சை வாசனைதான் அடித்தது. நோயாளிகள் கூடத்துக்குப் பக்கத்தில்தான் அடுக்களை. அவர் கைவைத்து யாருக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. ஒருமுறை எனக்கே கைவைத்துப் பார்த்தார், காய்ச்சல் கூடத்தான் செய்தது. அதிசயம் வேண்டுமென்றால் வேறு மடத்தில் தேடிக்கொள்ளட்டும். நான் நடந்ததை எழுதுகிறேன். இதில் என் பாவமும் கலந்திருக்கிறது; அதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல வழியில்லை.

அவர் லான் நகரத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர்க் கோயிலில் பாட்டுக்காரராக இருந்தவர். கல்யாணமானவர். அந்த ஊர்ப் பாதிரியாரிடம் பழைய வேதப்புத்தகம் ஒன்று இருந்தது. ஒப்ரி அதை இரவல் வாங்கி, ஒன்பது வருஷம் உட்கார்ந்து, ஆதியாகமத்திலிருந்து கடைசிவரை தன் கையாலேயே படியெடுத்தார். மனைவி ஹெலூயிஸ் எழுதுகிற தோலை நீவிக் கொடுப்பாளாம். அவள் செத்தபோது மகள் ஒதிலுக்கு நாலு வயது. ஐந்து வருஷம் தனியாக வளர்த்தார். அப்புறம் எங்கள் சபை ஆள் ஒருவர் அந்த ஊரில் வந்து பிரசங்கம் செய்தார். அந்த மனிதருக்கு வாய் பெரிது. கேட்டவர்கள் வீட்டைப் பூட்டாமலே கிளம்பிவிடுவார்கள். ஒப்ரியும் கிளம்பினார். சுவாசோனில் ஹெலூயிஸின் அக்கா இருந்த கன்னியர் மடத்தில் பிள்ளையை விட்டார். அவள் அவருடைய மேலாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம், கன்னியர் இருவர் விரலைப் பிரித்து எடுத்தார்களாம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை.

எங்களிடம் வரும்போது அவர் கொண்டுவந்தது அந்தப் புத்தகம் மட்டும்தான். எங்கள் சட்டப்படி அது மடத்துச் சொத்தாகிவிட்டது, ஆனாலும் அவரே வைத்துக்கொள்ள விட்டார்கள். ஒன்பது வருஷம் கையால் எழுதியதாலோ என்னவோ, அது முழுவதும் அவருக்குக் கண்ணுக்குள் நின்றது. தோட்டத்தில் களை பிடுங்கும்போது யாராவது வம்புக்கென்று ஒரு வசனத்தைச் சொல்வார்கள். “இடப்பக்கம், கீழேர்ந்து நாலாவது வரி. பக்கத்துல தோல்ல ஒரு ஓட்டை இருக்கும்” என்பார். ஓடிப்போய்ப் பார்ப்போம், ஓட்டை இருக்கும். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

இனி வேலைக்கு வருகிறேன். அப்போது எங்களுக்குத் தலைவராக இருந்தவர் எவ்ரார். பிரசங்கம் செய்கிறவனுக்குத் ‘தண்ணீர்’ என்றொரு சொல் தேவைப்பட்டால், வேதத்தில் அந்தச் சொல் வரும் எல்லா இடங்களையும் ஒரே பக்கத்தில் பார்க்க முடிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதுவரை அப்படியொரு சொல் அடைவை நாங்கள் யாரும் கண்டதில்லை. சொன்னபோது சிரித்தோம். அவர் சிரிக்காமல் இலத்தீன் எழுத்துகளைப் பங்கு போட்டார். அந்த மொழியில் ‘எம்’ எழுத்தில் தொடங்கும் சொற்கள் எனக்கு: மலை, கடல், தாய், சாவு. ‘எல்’ ஒப்ரி அண்ணனுக்கு: கல், பால், சிங்கம், நாக்கு, விளக்கு, கண்ணீர், சட்டம். சட்டம் என்ற ஒரு சொல்லுக்கே மனிதனை அழவைக்கும் அளவுக்கு இடங்கள் உண்டு. கொடுத்துவைத்தவன், ‘கே’ எழுத்துக்காரன்; அதில் சொல்லே கிடையாது எனலாம், அவன் ஒரு வாரத்தில் முடித்துவிட்டுத் தோட்டத்தில் ஊர்வம்பு பேசினான்.

வேலை முறை இதுதான். சொல்லை எழுதி, அதன் கீழே அது வரும் ஆகமத்தின் பெயர், அதிகார எண், அந்த அதிகாரத்தை ஏழாகப் பிரித்தால் எந்தப் பகுதி என்பதற்கு ஓர் எழுத்து. அவ்வளவே. வசனத்தை எழுதுவதில்லை, எண் மட்டும். எண் தப்பினால் எல்லாம் தப்பு. இதில்தான் சிக்கல். அதிகார எண்கள் அப்போது புதிது. பாரிஸ் பேராசிரியர்கள் ஒரு கணக்கில் பிரித்திருந்தார்கள். பழைய புத்தகங்களில் ஊருக்கு ஒரு கணக்கு. எங்கள் கூடத்தில் சங்கிலி போட்டு வைத்திருந்த பெரிய புத்தகத்தின் எண்களைத்தான் எல்லோரும் எழுத வேண்டும் என்று தலைவர் கட்டளையிட்டார். வெளியூர்ப் புத்தகம் வைத்திருந்தவர்கள் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்கள். ஒப்ரி அண்ணனும் ஒரு கோடைகாலம் முழுக்க உட்கார்ந்து எழுதினார்.

ஒருவர் எழுதிய ஏட்டை இன்னொருவர் சோதிக்க வேண்டும் என்பதும் கட்டளை. ஒவ்வோர் ஏட்டிலும் பத்து இடங்களைப் பெரிய புத்தகத்தில் புரட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் அடியில் பெயர் எழுத வேண்டும். ஒப்ரி அண்ணனின் ஏடுகள் என்னிடம் வந்தன. முதல் இரண்டு வருஷம் ஒரு பிழைகூட இல்லை. பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நான் கேலி செய்வேன், அவர் கோபித்துக்கொள்வார்.

மூன்றாம் வருஷம் இலையுதிர் காலத்தில் அவருடைய எழுத்து பெரிதாகத் தொடங்கியது. கோடுகளைக் கத்தியால் அழுத்திக் கீறிக்கொண்டு, அந்தப் பள்ளத்தை விரலால் தடவி எழுதினார். திங்கட்கிழமை திறந்த பக்கத்திலேயே வியாழக்கிழமையும் அவருடைய புத்தகம் திறந்து கிடந்தது. அன்று மாலை தோட்டத்தில் அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். மறைக்கவில்லை. மூஞ்சியெல்லாம் தெரிகிறது, மரம் தெரிகிறது, பொடி எழுத்துதான் தெரியவில்லை என்றார். தலைவரிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். சொன்னால் எழுத்தைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள், என்னை நோயாளிகள் கூடத்தில் போட்டுவிடுவார்கள் என்றார்.

“புத்தகம் எதுக்கு தம்பி? அதுதான் முழுசா உள்ள இருக்கே.”

அது உண்மை என்பது எனக்கே தெரியும். ஓட்டையைக்கூடச் சொல்கிற மனிதர். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

குளிர்காலத்தில் ‘பால்’ என்ற சொல்லின் ஏடு வந்தது. அவர் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துப் பெரிய புத்தகத்தைப் புரட்டினேன். பால் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ பத்துப் பேரின் அப்பா பெயர்கள் இருந்தன. நான்தான் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த இடம் சரி. அதற்கடுத்தது மறுபடி தப்பு. ‘கல்’லில் பத்துக்கு நாலு தப்பு. அவருடைய புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. இளவயதில் ஒன்பது வருஷம் எழுதிய பழைய எண்கள் அவருக்குள் அடியில் கிடந்தன. சிவப்பு மையில் எழுதிய புது எண்கள் மேலாகத்தான் ஒட்டியிருந்தன. கண்ணால் பார்த்து எழுதியவரை புது எண் வந்தது. மனத்திலிருந்து எடுக்கத் தொடங்கியதும் சில இடத்தில் புதியது, சில இடத்தில் பழையது என்று கலந்து வந்தது. எந்த இடத்தில் எது வரும் என்பதற்கு ஒரு முறையும் இல்லை. எல்லாமே பழையதாக இருந்திருந்தால் ஒரு பட்டியல் போட்டு ஒரே மாதத்தில் மாற்றிவிடலாம். இது அப்படியில்லை, ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்; மடத்தில் அவர் ஒருவரோடுதான் நான் சண்டை போட்டதில்லை. நானே கமுக்கமாகத் திருத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் ‘எம்’ வேலையை முடித்த நேரத்தில் அவருடைய ஏடுகளை எடுத்து, தப்பான எண்ணைச் சுரண்டிவிட்டுச் சரியானதை எழுதினேன். அவர் பங்கு மொத்தம் இருபத்திரண்டு கட்டு. கெட்டுப்போனவை பதினாறு. தவக்காலம் வருவதற்குள் மூன்று கட்டு திருத்தினேன்.

தவக்காலத்தில் ஒதிலிடமிருந்து கடிதம் வந்தது. எங்களுக்கு வரும் கடிதங்களைத் தலைவர்தான் முதலில் படிப்பார். அவரே தோட்டத்துக்கு வந்து ஒப்ரி அண்ணனுக்கு வாசித்துக் காட்டினார். அவளுக்கு இருபது வயது. உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரத்தில் கன்னியர் மடத்தில் கடைசி வாக்குக் கொடுக்கப்போகிறாள். அன்றைக்கு மட்டும் பெற்றவர்கள் பக்கத்தில் நின்று முகம் பார்க்கலாம். அதற்குப் பிறகு கம்பிக்கதவும் கறுப்புத் துணியும்தான். அப்பா வர வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

எவ்ரார் கெட்ட மனிதர் இல்லை. போய்வா என்று அனுமதி கொடுத்தார். ஆனால் கோடையில் சபையின் பெரிய கூட்டத்துக்கு எல்லா எழுத்துகளும் ஒன்றுசேர வேண்டும். நடந்து போய், அங்கே தங்கி, திரும்ப மூன்று வாரம் ஆகும். ஆகையால் போவதானால் ‘எல்’ எழுத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போ என்றார். இரண்டு நாள் யோசிக்கச் சொன்னார்.

மறுநாள் ஒப்ரி அண்ணன் என்னைத் தேடி வந்தார். நான் தோட்டத்தில் அவரைக்கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தினார்.

“ஒண்ணு கேக்குறேன், ஒளிக்காம சொல்லணும். என் ஏட்ட நீதான சோதிக்கிற. சரியா வருதா?”

ஏன் இப்போது கேட்கிறீர்கள் என்றேன்.

“சரியா வரலன்னா விட்டுட்டுக் கெளம்பிடுவேன். வேற ஒருத்தன் பாத்துக்கட்டும். அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துப் பதினோரு வருஷம் ஆச்சு, அடுத்த வருஷம் எனக்குக் கண்ணு இருக்குமோ என்னமோ. ஆனா சரியா வருதுன்னா பாதியில விட முடியாது. அவள அழவிட்டுட்டு நான் வந்தது இதுக்குத்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். இதுவும் நிக்கலன்னா அப்புறம் எதுக்கு வந்தேன்?”

இப்போதும் அந்த இடம் எனக்குக் கண்ணில் நிற்கிறது. கையில் குச்சி, முழங்காலில் ஈர மண். ‘வரல அண்ணே, கெளம்புங்க’ என்று சொல்ல ஒரு மூச்சுக் காற்று போதும். அந்தக் காற்று எனக்கு வரவில்லை. சொன்னால் மனிதர் அந்த இடத்திலேயே உடைந்துபோவார் என்று பயந்தேன். இத்தனை மாதம் ஏன் மறைத்தாய் என்று கேட்பாரே என்றும் பயந்தேன். எந்தப் பயம் பெரிது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“சரியா வருது அண்ணே” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியம் பண்ணக் கூடாதுன்னு சட்டம் இருக்கே. சட்டம்ங்கிற சொல்லே உங்க எழுத்துதான” என்றேன்.

அவர் சிரித்தார். தோளைத் தட்டிவிட்டுப் போய்த் தலைவரிடம் தான் போகவில்லை என்று சொல்லிவிட்டார். மகளுக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று எழுதினேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை. அதுதான் எனக்கு இன்னமும் ஆத்திரம்.

அதற்குப் பிறகு வெறி பிடித்தவன்போல் திருத்தினேன். ஒரே இடத்தை இரண்டு தடவை சுரண்டினால் தோல் பஞ்சுபோல் எழும்பிவிடும், மூன்றாம் தடவை கிழிந்துவிடும். ஏழு கட்டு முடித்திருந்தேன். அப்போது ஆர்லியானில் பிரசங்கம் செய்த சகோதரருக்குக் கால் முறிந்தது, என்னை அனுப்பினார்கள். கட்டளை என்றால் அன்றே கிளம்ப வேண்டும். அவர் இன்னும் எழுதி முடிக்காத கட்டுகளிலும் முன்கூட்டியே பெயர் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, என் பெயர் அடியில் இருந்த இருபத்திரண்டு கட்டும் படியெடுக்கிறவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஒப்ரி அண்ணன் வாசலில் நின்றார். முடித்துவிட்டேன் தம்பி என்றார். நான் நின்ற பக்கம் பார்க்காமல் என் குரல் வந்த பக்கம் பார்த்துச் சொன்னார். குளிர்காலத்துக்குள் வெளிச்சமும் நிழலும் தவிர மற்றதெல்லாம் போய்விட்டது.

அந்த ஒரு வருஷம் அவர் மாதிரிச் சந்தோஷமான ஆளை நான் பார்த்ததில்லை. பாடுவார். ரொட்டித் தோலை மதுவில் நனைத்துத் தின்றுகொண்டே, தோட்டத்தில் யார் அகப்பட்டாலும் அடைவு எப்படி இருக்கிறது, உபயோகப்படுகிறதா என்று கேட்பார். வெயில் காலத்தில் சுவாசோனுக்கு ஆள் துணையோடு போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எதிரே வந்தால் நான் நடையைத் திருப்பிக்கொண்டு போனேன்.

அப்புறம் மிலோன் என்ற சகோதரர், நல்ல பிரசங்கி, படித்தவர்கள் கூடிய ஒரு கோயிலில் ‘விளக்கு’ என்ற சொல்லை வைத்துப் பேசினார். எங்கள் அடைவைப் பார்த்து இடம் சொன்னார். கீழே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவன் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்து, சாமி சொன்ன இடத்தில் விளக்கு இல்லை, வாசல்காரர்கள் பெயர்ப் பட்டியல்தான் இருக்கிறது என்றான். கோயிலே சிரித்தது. மிலோன் இன்னோர் இடம் சொன்னார். அதுவும் அப்படியே.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலை வழிபாடு முடிந்ததும் எல்லோரும் கூடி, அவரவர் குற்றத்தைச் சொல்லி முகம் தரையில் படக் குப்புற விழ வேண்டும். நீங்களே சொல்லாவிட்டால் இன்னொருவர் உங்கள் குற்றத்தைச் சொல்லலாம். சொல்லப்பட்டவர் எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது. மறுநாள் மிலோன் எழுந்தார். ‘எல்’ எழுத்தில் நாற்பது இடம் பார்த்தேன், பதினெட்டு தப்பு, இது ஒப்ரியின் குற்றம் என்றார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஒப்ரி அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டு நடுவில் வந்தார். அவருக்கு எதுவும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் விழுந்தார். வயதானவர், முழங்கால் கல்லில் இடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சோதித்தது யார் என்று எவ்ரார் கேட்டார். இருபத்திரண்டு கட்டிலும் என் பெயர் இருக்கிறது, ஒளிய இடமில்லை. போய் அவர் பக்கத்தில் விழுந்தேன். தெரிந்தே மறைத்தேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். பக்கத்தில் அவருடைய தலை என் குரல் வந்த பக்கம் திரும்பியது.

எனக்கு நாற்பது நாள் ரொட்டியும் தண்ணீரும், கடைசி இருக்கையும். அவரை நோயாளிகள் கூடத்துக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் துணிந்து போனேன். சன்னல் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தார். என் நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

“அன்னைக்கு அவரைக்கொடிகிட்ட வந்து கேட்டேனே.”

“கேட்டீங்க.”

“சரியா வருதுன்னு சொன்னியே.”

“சொன்னேன் அண்ணே.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“அவ மூஞ்சிய ஒரு தடவ பாத்திருப்பேன்டா” என்றார்.

அதுவரை அவர் என்னை ‘டா’ போட்டுக் கூப்பிட்டதில்லை.

‘எல்’ எழுத்து ஹாமோ என்ற ஆங்கிலேயச் சகோதரரிடம் போனது. குண்டு மனிதர், எழுதும்போது சீட்டியடிப்பார், எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஏழே மாதத்தில் முடித்துவிட்டார். சரியாகவும் முடித்தார். ஒப்ரி அண்ணனின் கட்டுகளை வெட்டிப் புத்தகங்களுக்கு முதுகுத் தோல் வைத்துத் தைத்தார்கள். ஹாமோ நல்ல எண்ணத்தில்தான் நோயாளிகள் கூடத்துக்குப் போனார். உங்கள் ஏட்டில் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருந்தது என்று சொன்னார்.

“எந்தப் பாதின்னு தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார் ஒப்ரி அண்ணன்.

வசந்த காலத்தில் எவ்ராரின் காலில் விழுந்து, அவரைச் சுவாசோனுக்கு அழைத்துப்போக அனுமதி வாங்கினேன். நாங்கள் எங்கு போனாலும் நடைதான். ஆறு நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வாரா என்று ஆறு நாளும் காத்திருந்தேன். சேறு இருக்கிறதா, பாலம் வந்துவிட்டதா என்பது தவிர எதுவும் கேட்கவில்லை. கடைசி நாள் மட்டும், தாடியை மழித்துவிடு, அவளுக்கு என்னை அடையாளம் தெரிய வேண்டும் என்றார். ஓடைக்கரையில் உட்காரவைத்து மழித்தேன்.

கன்னியர் மடத்தில் பார்வையாளர் அறை சிறியது. நடுவில் கம்பிக்கதவு. அவரை முக்காலியில் கதவைப் பார்க்க உட்காரவைத்தேன். பக்கவாட்டில் எங்கோ தாழ் திறக்கும் சத்தம் கேட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குள் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒதில் வந்துவிட்டாள். முகத்துக்கு நேரே தொங்கிய கறுப்புத் துணி விலகியது. மெலிந்த பெண், அவருடைய நெற்றி, அவருடைய காது. நான் பார்த்தேன். நான் பார்த்து என்ன ஆகப்போகிறது?

“அப்பா, துணிய எடுக்கச் சொல்லித் தலைவிகிட்ட கெஞ்சி வாங்கியிருக்கேன். ஒரே ஒரு தடவதான். பாருங்க” என்றாள்.

“பாக்குறேன்மா. அப்படியே உங்கம்மா சாடை” என்றார் அவர், சுவரைப் பார்த்து.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கம்பி வழியே கையை நீட்டி அவருடைய கையைத் தொட்டாள். அப்போதுதான் அவர் திரும்பினார்.

“எப்பேர்ந்துப்பா?”

“ஆச்சும்மா, ரெண்டு வருஷம்.”

“நான் வரச்சொல்லி எழுதினப்ப?”

“அப்பத் தெரியும். மூஞ்சி தெரியும்.”

அவள் கையை இழுத்துக்கொண்டாள். கோபமா அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “அப்புறம் ஏம்ப்பா வரல?” என்றாள்.

“ஒரு வேலை இருந்துச்சும்மா. பாதியில விட முடியல.”

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“நல்லா வந்துச்சா?”

அவர் இடது கையை நீட்டிக் காற்றில் துழாவினார். என்னைத்தான் தேடுகிறார் என்று புரிந்து கையைக் கொடுத்தேன். வலிக்கும்படி பிடித்தார்.

“சோதிச்சது இவர்தான். இவரையே கேளு” என்றார்.

அவள் என்னைப் பார்த்துக் காத்திருந்தாள். வெட்டிப்போட்ட ஏடுகள் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தண்டனையாகத்தான் என்னிடம் தள்ளிவிட்டாரோ, அல்லது தன் வாயால் சொல்ல முடியாததை என்னிடம் கேட்டு வாங்கினாரோ, அவர் சாகும்வரை நான் கேட்கவில்லை.

“சரியா வந்துச்சும்மா. ஒரு பிழை கிடையாது” என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். “அப்பச் சரிப்பா. என்னை ஒண்ணுமில்லாததுக்கு விட்டுட்டுப் போயிட்டீங்களோன்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றாள்.

துணியை மறுபடி இழுத்துவிட்டார்கள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் எழுப்பி அழைத்து வந்தேன்.